படம்பிடிப்போர் மரபியல்

பாயிரம்

நூல் செய்கிறவன் முதலில் முன்னோரை வணங்க வேண்டும். வணங்கிய கையோடு அவர்களிடம் குறை காண வேண்டும். இதுவே மரபு. ஆகவே சுவீடன் நாட்டு லின்னேயஸுக்கு முதல் வணக்கம். 1735-இல் அவர் உலகத்துச் செடிகளையெல்லாம் பூவுக்குள் இருக்கும் மகரந்தக் கேசரங்களை எண்ணி வகுப்புப் பிரித்தார். ஒன்று இருந்தால் ஒரு வகுப்பு, இரண்டு இருந்தால் மறு வகுப்பு. இன்று குற்றாலம் பேரருவிக்கு எதிரே கேமராவும் கையுமாக நிற்பவர்களும் ஒருவரையொருவர் எண்ணித்தான் பிரித்துக்கொள்கிறார்கள். இவர் 24 மெகாபிக்சல், அவர் 45. இவர் 300 எம்.எம்., அவர் 600. லின்னேயஸின் கேசரக் கணக்கைத் தாவரவியலார் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். படக்காரர்கள் விடுவதாக இல்லை.

இந்நூல் அவ்வழி செல்லாது. நம்மிடமே நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைப் புலன்களின் படி ஆறாக வகுத்தார். தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. நாக்கும் சேர்ந்தால் நத்தை முதலியன. மூக்கு சேர்ந்தால் கறையானும் எறும்பும். கண் சேர்ந்தால் நண்டும் தும்பியும். செவி சேர்ந்தால் விலங்கு. மனம் சேர்ந்தால் மக்கள். நண்டுக்குச் செய்த உபகாரத்தைப் படம்பிடிப்போருக்கு அவர் செய்யாமல் விட்டது குறைதான். அக்காலத்தில் கேமரா இல்லையே எனின், அது சமாதானம் ஆகாது. இலக்கணம் என்றால் வரப்போவதற்கும் ஒரு மூலையில் இடம் விட்டுவைக்க வேண்டாமா?

நூலுக்கு எல்லை சொல்ல வேண்டும். வடக்கே வாசுதேவநல்லூர், தெற்கே கடையம், கிழக்கே சுரண்டை, மேற்கே ஆரியங்காவுக் கணவாய். 2019 நவம்பர் 22 அன்று இந்நிலம் தென்காசி என்ற தனி மாவட்டத்துக்குள் வந்தது. குளத்துப் பறவைகளுக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை. நெல்லைக்கும் தென்காசிக்கும் இடையே பழையபடியே பறந்துகொண்டிருக்கின்றன.

இந்த நிலம் ஏன் எனின், ஆடல்வல்லானின் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திர சபை. இங்கே இறைவன் சுவரோவியமாகவே வழிபாடு பெறுகிறான். கடவுளே படமாக இருக்கிற ஊரில் படம் பிடிப்பதைப் பற்றி ஒரு நூல் எழுந்தால் அதில் வியப்பென்ன?

பிறப்பு

இயற்கையைப் படம்பிடிப்போர் நான்கு வகையில் பிறப்பர். ஓய்வூதியத்தால் பிறப்பவர் ஒரு வகை. முப்பது ஆண்டு கோப்புகளைப் பார்த்த கண், பணி நிறைவு விழா முடிந்த மறுநாள் கொண்டைக்குருவியைப் பார்க்கத் தொடங்கும். கடல் கடந்த பிள்ளையால் பிறப்பவர் ஒரு வகை. துபாயிலிருந்து மகன் கேமராவைக் கொண்டுவந்து, "சும்மாதான வீட்ல இருக்கீய, எடுத்துப் பழகுங்கப்பா" என்று மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பான். மருத்துவரால் பிறப்பவர் மூன்றாம் வகை. சர்க்கரைக்குத் தினமும் நடக்கச் சொன்னார்கள். வெறுங்கையோடு நடக்கக் கூச்சமாக இருக்கிறது. இம்மூன்றும் எல்லா ஊரிலும் உண்டு. எனவே மேலே செல்வோம்.

நான்காம் பிறப்பு இந்நிலத்துக்கு உரியது. அது ஆடியால் வருவது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லை என்றால் கல்யாண ஸ்டுடியோவுக்கு வேலை கிடையாது. (கடையநல்லூர், தென்காசிப் பக்கம் நிக்காஹ் ஆர்டர் கைவசம் வைத்திருப்பவர் ஓரளவு தப்பிப்பார்.) கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே சாரல். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரத்தைச் சுமந்து வந்து ஊரெங்கும் தூவிக்கொண்டே இருக்கிறது. பீரோவில் பூட்டிய லென்ஸுக்கு இதுவே எமன். இருட்டும் ஈரமும் கூடிய இடத்தில் கண்ணாடிக்குள் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படரும். தொழிலில் இருப்பவர்கள் ‘பங்கஸ்’ என்று சொல்லி நெஞ்சைப் பிடித்துக்கொள்வது இதைத்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் பூஞ்சை ஒதுங்கும். ஆக லென்ஸைக் காப்பாற்றவாவது வெளியே எடுத்துப் போக வேண்டும். எங்கே போவது? ஆடியில்தான் ஐந்தருவி ஐந்தாகவும் விழுகிறது, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தியும் பூக்கிறது.

இது தற்செயல் என்று யாரேனும் சொன்னால் மார்கழியைக் காட்டுக. மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அப்போது வடகிழக்கு மழையில் குளங்கள் நிரம்பி, வடக்கே குளிருக்குத் தப்பிய வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கியிருக்கும். அருவிக்கு ஆடி, பறவைக்கு மார்கழி. பஞ்சாங்கம் கணித்தவர் யாரோ தெரியாது; இயற்கைப் படக்கலைக்கு அவர் செய்த தொண்டை எந்த அகாதமியும் செய்ததில்லை.

இவ்வாறு பிறந்தவருக்கு முதல் சில நாட்கள் ஒரு திகைப்பு உண்டு. கல்யாண மண்டபத்தில் அவர் சொல் அம்பலம் ஏறும். "மாப்ள, இன்னொரு தடவ மாலைய மாத்துங்க" என்றால் மாற்றுவார்கள். தாலி கட்டும் கை லைட்டுக்காக நிற்கும். ஐயரே நின்று கேமராவைப் பார்ப்பார். மீன்கொத்தி பார்க்காது. விழுங்கிய மீனை இன்னொரு தடவை விழுங்காது. சொன்னபடி கேட்காத ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாக லென்ஸ் வழியே பார்க்கிறார். கோபம் வரும், பிறகு பழகிவிடும். அதன்பின் ஒரு நாள், இந்தப் படத்தை யாரும் கேட்கவில்லை, இதற்கு ஆல்பம் இல்லை, ‘எங்க பெரியப்பா விட்டுப்போச்சு’ என்று சண்டைக்கு வர ஆள் இல்லை என்பது உறைக்கும். அந்த நாளையே அவருடைய பிறந்த நாளாகக் கொள்க.

ஓரறிவு

தொட்டால் எடுப்பவர் ஓரறிவினர். பெருவிரல் ஒன்றே இவர்க்குப் புலன். கைப்பேசியை நீட்டி, அருவிக்கு முதுகைக் காட்டி நிற்பது இவர் இயல்பு. தொல்காப்பியர் இவ்விடத்தில் புல்லையும் மரத்தையும் வைத்ததை இகழ்ச்சி என்று எண்ணலாகாது. புல் இல்லாவிட்டால் மேலே உள்ள ஐந்தும் பட்டினி. ஆறறிவு என்று பின்னால் சொல்லப்போகிறவரும் ஒரு காலத்தில் அருவிக்கு முதுகு காட்டி நின்றவர்தான்.

ஒரே ஒரு விதி இவர்களுக்கு. முதுகைக் காட்டுவதில் குற்றம் இல்லை, காதையும் மூடிக்கொள்ளலாகாது. மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறும், இலையும் சுள்ளியும் வரத் தொடங்கும், இரைச்சல் கனக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு போயிற்று. காவலர் விசில் ஊதினால் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்பதற்கு இடமில்லை.

ஈரறிவு

சுவைத்தபின் எடுப்பவர், அல்லது எடுத்தபின் சுவைப்பவர். ரம்புட்டானின் மயிர், மங்குஸ்தானின் வெண்சுளை, பிரானூர் பார்டரில் கல்லில் வேகும் பரோட்டாவின் ஆவி ஆகியவை இவர் பாடுபொருள். பரோட்டா இயற்கையா எனின், அன்று. ஆயினும் ஆவி இயற்கை. பழத்தைப் படம் பிடிப்பவரை ஏளனம் செய்வதற்கில்லை. 1800-களின் தொடக்கத்தில் கும்பினியார் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுத் தோட்டம் போட்ட கதையை விசாரிக்கக் கிளம்பி, பழக்கடையிலேயே தாவரவியல் கற்றுத் தேறியவர் உண்டு. இவர் பற்றி இவ்வளவு போதும்.

மூவறிவு

இங்கே உரையாசிரியர் இரு சாராராகப் பிரிவர்.

முதல் சாரார், மூக்கு என்றது புது லென்ஸ் பெட்டியைப் பிரிக்கும்போது வரும் மணத்தை முகரும் மூக்கு என்பர். இவர்கள் கருவிப் பித்தர். பை நிறையக் கண்ணாடி இருக்கும். கார்டில் படம் இராது. சிலிக்கா ஜெல் பொட்டலம் இவர்க்குப் பிரசாதம். தேநீர்க் கடையில் இவர்கள் பேச்சைக் கேட்டால் பறவை என்ற சொல்லே வராது. ஃபோகஸ் மோட்டாரின் வேகம்தான் வரும். பறந்துகொண்டிருப்பது என்ன என்று கேட்டால், "அது ஏதோ கழுகு. ஆனா ஷார்ப்னஸ் பாத்தீங்களா?" என்பர்.

மற்றைச் சாரார், மூக்கு என்றது யானை மோப்பம் என்பர். வடகரை, மேக்கரைப் பக்கம் யானை தென்னந்தோப்புக்குள் இறங்குவது வழக்கமான சங்கதி. வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், ஓடைக்கரையில் நடந்துகொண்டே இருப்பவர், திடீரென நின்று மூக்கைச் சுருக்குவார். உடைந்த மூங்கிலும் ஈரச் சாணமும் கலந்த ஒரு வாடை. அவர் எதுவும் சொல்லமாட்டார். கையை மட்டும் பின்னால் காட்டுவார். அந்தக் கையைக் கண்டதும் திரும்பி நடப்பவரே உண்மையான மூவறிவினர் என்பது இச்சாரார் கொள்கை. நம் கருத்தும் அதுவே. பயிரைக் காப்பாற்ற ஊரே பந்தம் பிடித்து நிற்கும் இரவில், குறுக்கே புகுந்து யானைக்கு ஃப்ளாஷ் அடிப்பவரை எவ்வறிவிலும் சேர்க்க வழியில்லை.

நாலறிவு

கண் திறக்கும் இடம் இது. நூலின் பெரும்பகுதி இங்கேதான். ஏனெனில் படக்காரர் பெரும்பாலோர் இங்கு வந்து இளைப்பாறி, மேலே போக மனமின்றித் தங்கிவிடுகின்றனர்.

கண் முதலில் கற்பது திசை. மேற்கே மலைச்சுவர். ஆகவே இங்கே சாயங்காலம் மற்ற ஊர்களுக்கு முன்னதாகவே முடிந்துவிடும். சமவெளியில் வெயில் பொன்னாகக் காயும் வேளையில் மலையடிவாரம் நிழலுக்குள் போயிருக்கும். படம் காலையில்தான். முதுகில் இளவெயில் பட, எதிரே அருவித் தூவானம் இருந்தால் வானவில் தெரியும். நம் நிழலின் தலை விழும் திசையிலிருந்து ஏறக்குறைய 42 பாகை தள்ளி அது நிற்கும். வெயில் ஏற ஏற வில் இறங்கி மறையும். "நேத்து இங்கதான் நின்னுச்சு" என்று பதினொரு மணிக்கு வந்து தேடுபவர்க்கு இக்கணக்கு இன்னும் புரியவில்லை என்று அறிக.

சூரியகாந்தி இதைவிட நல்ல வாத்தியார். மொட்டாக இருக்கும்போது அது சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும், இரவில் மறுபடி கிழக்கு நோக்கும். நன்றாக மலர்ந்து முற்றியபின் கழுத்து இறுகிக் கிழக்கே பார்த்து நின்றுவிடும். சுந்தரபாண்டியபுரம் வயலில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். ஆயிரம் பூவும் நம்மைப் பார்க்கும். அவற்றின் தோள்மேல் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக நிற்கும். காலை வெயில் நமக்குப் பின்னாலிருந்து வந்து இரண்டின் மேலும் விழும். இந்த ஏற்பாட்டை எந்தக் கலை இயக்குநரும் செய்யவில்லை. ஆனால் கலை இயக்குநர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அந்தப் பக்கத்துப் பாறையில் ‘அந்நியன்’ படத்துக்காகத் தீட்டிய நடிகர் முகங்களே சாட்சி. சீசனில் கேரளத்திலிருந்து கார் கார்களாக வந்து இறங்குபவர்கள், மதியம் குளித்துச் சாப்பிட்டுச் சாயங்காலம் வயலுக்கு வருவார்கள். மேற்கே பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்கும், கிழக்கே பார்த்தால் பூவெல்லாம் பிடரியைக் காட்டும். சில வயல்காரர் உள்ளே இறங்கக் காசு வாங்குகிறார்கள். வாங்கட்டும். மிதிபட்ட செடி எண்ணெய் தராது.

அடுத்தது, அருவியை எப்படி எடுப்பது என்னும் பெரும்பூசல். பட்டுக்கட்சி என்றும் முத்துக்கட்சி என்றும் இரண்டு உண்டு. பட்டுக்கட்சியார் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸ் முன் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி திறந்து வைப்பர். தண்ணீர் மடிப்பு மடிப்பாக இறங்கும். முத்துக்கட்சியார் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறப்பர். ஒவ்வொரு துளியும் தனித்தனியே காற்றில் நிற்கும். பட்டு பொய் என்று முத்துக்கட்சி சொல்லும். முத்து பொய் என்று பட்டுக்கட்சி சொல்லும். கண் காண்பது இரண்டும் அல்லவாதலால் இருவர் சொல்வதும் மெய்.

பட்டுக்கட்சியில் ஒரு தீவிரப் பிரிவு உண்டு. அவர்கள் கறுப்புக்கு மேல் கறுப்புக் கண்ணாடி போட்டு அரை நிமிடம் திறந்து வைப்பர். நடமாடும் கூட்டம் படத்தில் பதியாமல் கரைந்துவிடும். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பேரருவி மனித வாடையே இல்லாமல் வந்திருக்கும். அருவிக்குள் தலையைக் கொடுத்து நின்றவர்கள் மட்டும் நிறத் தீற்றலாய் மிஞ்சுவர். எண்ணெய் தேய்த்துக் குளித்த பெரியவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நான் அந்தக் கம்பிப் பக்கம்லா நின்னேன். எங்க காணும்?"

"நீங்க கரைஞ்சிட்டீங்க பெரியப்பா."

"காலைல இருந்து நிக்கேன், அழுக்கே கரையல. ஒன் பொட்டியில ஆளே கரைஞ்சிட்டனா?"

பெரியவர் கேட்டது தருக்க நூலில் பதில் இல்லாத கேள்வி. ஒரு இடத்தின் உண்மை அங்கே நிற்கும் கூட்டம் என்றால், கூட்டத்தைக் கரைத்த படம் எந்த இடத்தின் படம்? நம் தீர்ப்பு முத்துக்கட்சிக்கே. குற்றாலம் கூட்டத்தோடு சேர்ந்ததுதான். கைலியும் துண்டும் இல்லாத குற்றாலத்தைக் குரங்குகளே அடையாளம் கண்டுகொள்ளா.

பெரிதைக் கண்ட கண் பிறகு சிறிதுக்கு வரும். மழை விட்ட காலையில் மாமரத்து இலை ஒன்றில் முசுறுகள் வேலை செய்வதை மாக்ரோ லென்ஸில் பாருங்கள். இரண்டு இலைகளின் ஓரத்தை ஒட்ட வேண்டும். ஒரு வரிசை எறும்பு ஒரு இலையைக் காலால் பற்றி, அடுத்த இலையை வாயால் கவ்வி இழுக்கிறது. எட்டாத இடத்தில் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி ஆகிறது. உள்ளிருந்து இன்னொன்று வருகிறது, வாயில் ஒரு புழு. தன் கூட்டத்துக் குஞ்சுதான். அதன் தலையை இந்த ஓரத்தில் தொட்டு, அந்த ஓரத்தில் தொட்டு, மறுபடி இங்கே தொட்டுப் போகிறது. புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழையே தையல். இவ்வளவும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் நடக்கிறது. இவ்வளவு அருகில் போனால் கண் துலங்கும்போது தாடை மங்கும், தாடை துலங்கும்போது கண் மங்கும். துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. ஃப்ளாஷ் முன்னால் மெல்லிய தாளைக் கட்டி ஒளியைத் தணிக்க வேண்டும். அதற்குள் சட்டைக்குள் ஏறிய முசுறு தன் கருத்தைத் தெரிவித்துவிடும். எறும்பைத் தொல்காப்பியர் மூக்கு வரையுள்ள மூவறிவில் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அது வழி காண்பது பெரும்பாலும் மணத்தால்தான்.

நாலறிவினர்க்குக் குலமுதல்வர் இருவர். கேமராவுக்கு முற்பட்டவர்கள். 1830-களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் குற்றால மலையில் செடி சேகரித்தார். உலகத்து உலர்செடிக் காப்பகங்களில் குற்றாலம் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டிய தாள்கள் இன்றும் இருக்கின்றன. அவர் சேர்த்த செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட்டின் பெருநூல்களில் அவர்கள் வரைந்த படங்கள் நூற்றுக்கணக்கில் அச்சாயின. கும்பினிக்கு வரைந்த எத்தனையோ ஓவியரின் பெயர் தெரியாமல் போனது; வைட் தம் ஓவியர்களின் பெயரைப் படத்தின் கீழே போட்டார். ஒருபடி மேலே போய் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். பின்வந்த அறிஞர்கள் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அப்பெயர் வழக்கிழந்தது. அவ்விரு ஓவியர்களிடம் லென்ஸ் தரும் மங்கல் இல்லை. இலையின் நரம்பும், பூவின் குறுக்குவெட்டும், விதையும் ஒரே தாளில் துலக்கமாக நின்றன. இன்றைக்கு ஐம்பது படங்களை அடுக்கி ஒட்டும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்வதை அவர்கள் ஒரு தூரிகையால் செய்தார்கள்.

இன்னும் முன்னால் போனால் கபிலர் இருக்கிறார். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை மூச்சு விடாமல் அடுக்கியவர். தொடர்முடுக்கில் படம் எடுப்பவர் அனைவரும் அவர் பரம்பரை. அவருக்குத் தாம் சுட்ட 99-இன் பெயரும் தெரியும் என்பது ஒன்றே வேறுபாடு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயருக்கோ குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்கர் நிலமே கொடுத்தார். குறவஞ்சிமேடு என்பது அதன் பெயர். இன்று அதே மலையைப் பாடாமல் படம் பிடிப்பவர்க்குக் கிடைப்பது இதயக்குறிகள். பட்டா மாற்ற முடியாது.

ஐயறிவு

செவி திறந்தவர் தொகை சிறிது. கண்ணால் தேடுபவர் காட்டில் பச்சையைத்தான் பார்ப்பர். காதால் தேடுபவர்க்கே பறவை கிட்டும்.

ஓடைக்கரையில் விடிவதற்குள் போய் உட்கார்ந்தால், பள்ளிக்கூடம் போக மனமில்லாத பையன் ராகம் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு போவது போல ஒன்று கேட்கும். மனிதன் என்றே நினைக்கத் தோன்றும். அது சீகாரப் பூங்குருவி. அருவியின் இரைச்சலுக்கு மேலே அதன் விசில் மட்டும் தனியாகத் தெளிந்து வரும். நீரின் ஓசை கனத்தது, இதன் குரல் ஒல்லியாய்க் கூரியது. முதல் பார்வைக்குக் கறுப்புக் குருவி, அவ்வளவே. ஈரப்பாறையில் தத்தித் தத்தி வந்து நிற்கும், வாலை விசிறி மூடும். மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தால் நெற்றியிலும் தோளிலும் பளீரென்று நீலம் தெரியும். அந்த நீலம் இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்தான் கீற்று வரும்வரை உட்கார்ந்திருப்பார். தெரியாதவர் கறுப்புக் குருவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

செவிக்கும் மயக்கம் உண்டு. துடுப்புவால் கரிச்சான் பலகுரல் மன்னன். அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துவிடும். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைக் கையில் பிடித்து, வல்லூறு வல்லூறு என்று மரத்தடியில் சுற்றி வருபவரின் தலைக்கு மேலே, வாலில் இரண்டு கரண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு கரிச்சான் உட்கார்ந்திருக்கும்.

இதையே மனிதன் திருப்பிச் செய்தால் குற்றம். ஒலிபெருக்கியில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பது சிலர் வழக்கம். கேட்ட பறவை தன் எல்லைக்குள் எதிரி புகுந்தான் என்று இரையையும் குஞ்சையும் விட்டுச் சண்டைக்கு வரும். வந்ததைப் பார்த்து, "பாத்தீங்களா, போஸ் குடுக்கு" என்பர். மண்டபத்துப் பழக்கம் சிலர்க்கு லேசில் போவதில்லை.

மறைந்திருப்பது எப்படி என்பதும் இவ்வதிகாரத்தில் சேரும். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் பறவைகளை ஏமாற்றப் பாடம்செய்த எருதின் தோலுக்குள் புகுந்து படம் எடுத்தார்கள். 1900-ஐ ஒட்டிய காலம். நமக்கு அந்தச் செலவு இல்லை. குளத்தங்கரையில் மேயும் உயிருள்ள எருமைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் போதும். நடந்து வரும் மனிதனைக் கண்டால் எழும்பும் கொக்கு, எருமையையும் டிராக்டரையும் பொருட்படுத்துவதில்லை. எருமைக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். "எய்யா, அது முட்டும்லா" என்று அவர் சொன்னால், அது ஆராய்ச்சி முடிவு என்று கொள்க.

ஆறறிவு

மனம் சேர்ந்தால் ஆறறிவு. இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. சட்டம் படித்தார், சந்தூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தார், பிறகு அதை விட்டுவிட்டு எழுத்தையும் கேமராவையும் நம்பிப் பிழைத்தார். 1950-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தார்.

மூவறிவில் முதல் சாரார் கவனிக்க: கிருஷ்ணனின் கேமரா பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்து அவரே கட்டியது. அதன் எடைக்கும் தோற்றத்துக்கும் ஏற்ப ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். வண்ணப் படச்சுருள் வந்தபின்னும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். யானையையும் காட்டெருதையும் அவை தம் போக்கில் இருக்கும்போதே எடுத்தார். பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவர் படங்களில் விலங்கு நம்மைப் பார்த்து எதையும் நடித்துக் காட்டுவதில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு எளிய ஒன்று எத்தனை அரிது என்பது, மீன்கொத்திக்கு ‘சிரிங்க’ என்று சொல்லித் தொடங்கியவர்க்கே தெரியும்.

மனம் செய்யும் வேலை பெரும்பாலும் எடுக்காமல் விடுவது. கூட்டை எடுக்காமை அதில் முதலாவது. படத்துக்கு மறைக்கிறது என்று ஒரு சிறு கிளையை ஒதுக்கினால், அந்த இடைவெளி காக்கைக்கும் தெரியும். தாய்ப்பறவை இரண்டு நாள் மிரண்டால் முட்டை கூமுட்டை. அதனால்தான் பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. அடுத்தது, செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் திருட்டுத்தனமாக ஏறாமை. மேலே இருப்பது சரணாலயக் காடு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளே நுழையவும் படம் எடுக்கவும் அனுமதி வேண்டும். "மேல போனா சூப்பரா இருக்கும் அண்ணாச்சி, எனக்கு வழி தெரியும்" என்று சொல்லும் இளைஞரிடம் ஆறறிவினர், "கீழயே இன்னும் பாத்து முடிக்கல" என்று விடை கூறுவர். அது உண்மையும்கூட.

புறனடை

மேற்சொன்னவற்றில் அடங்காதனவும் உள. கைப்பேசியைப் பறித்துக்கொண்டு மரமேறி, தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளும் குற்றாலத்துக் குரங்கை எவ்வகையில் சேர்ப்பது எனின், தொடுகிறது, கடித்துப் பார்க்கிறது, முகர்கிறது, மூவறிவுக்குக் குறையாது. அதற்குப் பொரியும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்குபவர் எவ்வறிவு எனின், அதை அவரவர் வீட்டார் அறிவர்.

ஒருவரே ஒரு நாளில் பல அறிவில் இருத்தலும் உண்டு. விடியலில் காதும், காலையில் கண்ணும், பதினொரு மணிக்கு நாக்கும், நண்பகலில் பெருவிரலுமாக இறங்கி வருபவரே பெரும்பாலோர். இது வழு அன்று, வழுவமைதி.

இனி வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் நடத்துவது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து வாகைக்குளம் முதல் தூத்துக்குடி மாவட்டத்துக் குளங்கள் வரை தன்னார்வலர்கள் கரை கரையாகப் போய் எண்ணுகிறார்கள். மார்கழி முடிந்து தையில் முகூர்த்தம் தொடங்கும் நேரம் என்பதால் ஸ்டுடியோக்காரர் பலருக்கு வர முடிவதில்லை, ஆள் தேவைப்படும். கேமரா இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பைனாகுலர் போதும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு நோட்டும் பென்சிலும். குளத்தின் பெயர், தேதி, பறவையின் பெயர், எண்ணிக்கை நான்கும் சரியாக இருக்க வேண்டும். வெளுக்கும் முன்னே கரையில் இருங்கள்.